எம்.எல்.ஏ.வுக்கும் ஜட்ஜுக்கும் இந்தச் சட்டம் உண்டா? மூணாறு பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 18 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூணாறு, தேவிகுளம், மறையூர் பக்கத்து எஸ்டேட் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போய் பெண்களிடம் சட்டம் பற்றிப் பேசுகிறேன். வரதட்சணை, குடும்ப வன்முறை, சமகூலி என்று சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து யாராவது ஒரு அக்கா எழுந்து கேட்பார்: "இதெல்லாம் கங்காணிக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சரி. சட்டம் போடுறவுகளுக்கும் தீர்ப்புச் சொல்றவுகளுக்கும் இது உண்டா?" ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் வேலியில் முக்கியமாக இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. சட்டமன்றத்துக்குள்ளே உறுப்பினர் பேசும் பேச்சு ஒன்று. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிமேல் புகார் வந்தால் யார் விசாரிப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் வேறு பல காரியங்களும் வந்து ஒதுங்கிக்கொள்கின்றன. நாற்காலிக்குக் காப்பு இருக்கட்டும், அதில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு வேண்டாம். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

அரசியலமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

12ஆம் பிரிவு "அரசு" என்றால் யார் யார் என்று சொல்கிறது. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் அதிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அப்புறம் 14, 15, 16 ஆகிய பிரிவுகள், ஆண் பெண் என்று பார்த்து யாரையும் அரசு தாழ்த்தக்கூடாது என்கின்றன. அப்படித் தாழ்த்தும் சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றினாலும் அது செல்லாது என்பது 13ஆம் பிரிவு. ஆக, சட்டம் இயற்றும் சபை என்ற முறையில் அவர்கள் கட்டுப்பட்டவர்கள்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

நீதிமன்றம் என்ற சொல் 12ஆம் பிரிவில் இல்லை. 1966இல் மிரஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒரு கோடு போட்டது. நீதிபதி வழக்கை விசாரித்துத் தரும் உத்தரவை "என் அடிப்படை உரிமையை மீறிவிட்டது" என்று சொல்லி ரிட் மனு போட்டுத் தாக்க முடியாது, மேல்முறையீடுதான் வழி என்றது. ஆனால் அதே நீதிமன்றம் ஆள் எடுப்பது, இடமாற்றம் செய்வது, வேலையை விட்டு நீக்குவது போன்ற நிர்வாகக் காரியங்கள் அந்தக் காப்புக்குள் வராது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேடைமேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது வேறு, அறைக்குள் அதிகாரியாக இருப்பது வேறு.

இந்தியா 1993இல் ஏற்றுக்கொண்ட பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தமும் நீதிமன்றங்களையும் பொது அமைப்புகளையும் சேர்த்தே பேசுகிறது. நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில், பெண்ணின் கண்ணியத்தைக் குறைக்கும் பழக்கங்களைக் கைவிடுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று எழுதியிருக்கிறது. எம்.எல்.ஏ.வும் ஜட்ஜும் குடிமக்கள்தானே.

சட்டமன்றத்துக்குள் ஒரு உறுப்பினர் பெண்களை இழிவாகப் பேசினால்?

வழக்குப் போட முடியாது. சட்டமன்றத்தில் பேசிய பேச்சுக்கும் போட்ட ஓட்டுக்கும் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 194ஆம் பிரிவு. நாடாளுமன்றத்துக்கு 105. ஆளுங்கட்சியின் ஊழலை எதிர்க்கட்சி உறுப்பினர் பயமில்லாமல் எழுந்து பேச வேண்டும், மறுநாள் மானநஷ்ட வழக்கு வந்து நிற்கக்கூடாது. அதற்காகத்தான் இது. எஸ்டேட் முதலாளிகளுக்கு எதிராக நம் உறுப்பினர் பேசுவதற்கும் அதுதான் பாதுகாப்பு. அதை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

ஆனால் அந்தக் காப்பு எதுவரை? 2015 மார்ச் 13 அன்று திருவனந்தபுரம் சட்டமன்றத்தில் பட்ஜெட் தாக்கல் செய்தபோது நடந்த ரகளை நினைவிருக்கும். சபாநாயகரின் மேடையில் ஏறினார்கள், நாற்காலி, கம்ப்யூட்டர், மைக் எல்லாம் உடைந்தன. அதற்காக உறுப்பினர்கள்மேல் போட்ட வழக்கைத் திரும்பப் பெற மாநில அரசு கேட்டபோது உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 28 அன்று மறுத்துவிட்டது. பொருளை உடைப்பது சட்டமன்றப் பணி ஆகாது, சலுகை அதற்கு இல்லை என்றது. 2024 மார்ச் 4 அன்று 7 நீதிபதிகள் அமர்வு, ஓட்டுப் போட லஞ்சம் வாங்கினாலும் சலுகை கிடையாது என்று 1998இல் வந்த பழைய தீர்ப்பை மாற்றியது.

சட்டமன்ற வேலைக்கு அவசியமானதா இல்லையா என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். சட்டமன்றத்தின் நடைபாதையில் ஒரு பெண் ஊழியரின் கையைப் பிடித்து இழுப்பது எந்தச் சட்டமன்ற வேலை? மேஜையை உடைத்ததற்கே காப்பு இல்லை என்றால் இதற்கு எங்கிருந்து வரும்?

பேச்சைப் பொறுத்தவரை, சபாநாயகர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கலாம், சபை உறுப்பினரை இடைநீக்கம் செய்யலாம். நீதிமன்றத்துக்குப் போக வழி இல்லை. அடுத்த தேர்தலில் நம் விரலில் வைக்கும் மைதான் மிச்சம்.

சட்டமன்றத்துக்கு வெளியே, மேடையில் பேசினால்?

இது நம் ஊரிலேயே நடந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் நம் பெண்கள் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம் வேண்டும் என்று கேட்டார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போதுதான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. போனஸ் கேட்டபடி கிடைத்தது, அடுத்த மாதமே தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அந்த வருட உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் ஜெயித்தும் காட்டினார்கள்.

2017 ஏப்ரல் 22 அன்று, நம் மாவட்டத்துக்காரரான அன்றைய மின்துறை அமைச்சர் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசியபோது நம் பெண்களைக் கேவலப்படுத்தும் விதமாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று இங்கே திரும்ப எழுத மனம் வரவில்லை. பெண்கள் மறுபடியும் மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், கட்சி பகிரங்கமாகக் கண்டித்தது, பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பேச்சு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 ஜனவரி 3 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. அமைச்சர் பேசியதை அரசு பேசியதாக எடுத்துக்கொள்ள முடியாது, பேச்சுரிமைக்கு அரசியலமைப்பில் ஏற்கெனவே உள்ள கட்டுப்பாடுகளுக்கு மேல் புதிதாக எதையும் நீதிமன்றம் போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி நாகரத்னா மட்டும் அமைச்சர் பேச்சு விஷயத்தில் வேறுபட்டார். அமைச்சர் அரசு காரியத்தைப் பற்றிப் பேசி, அது அரசின் கருத்தையே காட்டுவதாக இருந்தால் அரசுதான் பொறுப்பு என்றார்.

என்னைக் கேட்டால் நாகரத்னா சொன்னதுதான் சரி. சாலையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் விழுந்தது ஒரு தனி மனிதரின் குரல் இல்லை. முன்னும் பின்னும் போலீஸ் வண்டி வர, கொடி கட்டிய காரில் வந்தவரின் குரல்.

எம்.எல்.ஏ. அலுவலகத்திலோ வீட்டிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு?

2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள் 16 வருடம் கழித்துச் சட்டமாயின. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம், அல்லது புகாரே முதலாளிமேல் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். வீட்டு வேலைக்காரப் பெண்ணும் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாது என்றால் எழுதிக் கொள்ள உதவுவது குழுவின் கடமை. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், குழு விசாரித்து முதலாளிக்குத்தான் பரிந்துரை அனுப்பும். சம்பளத்தைப் பிடி, வேலையை விட்டு நீக்கு என்று. எம்.எல்.ஏ.வுக்கு முதலாளி யார்? சட்டமன்றச் செயலக ஊழியர்மேல் புகார் என்றால் நடவடிக்கைக்கு வழி தெளிவாக இருக்கிறது. உறுப்பினர்மேல் என்றால் கயிறு நடுவில் அறுந்து தொங்குகிறது.

கட்சி அலுவலகம் என்றால் இன்னும் மோசம். அரசியல் கட்சிக்கும் தொண்டருக்கும் முதலாளி தொழிலாளி உறவு இல்லை, அதனால் கட்சி உள் புகார்க் குழு அமைக்க வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. இதே 2022 தீர்ப்புதான் சினிமாப் படப்பிடிப்புக் குழுக்களுக்குப் புகார்க் குழு கட்டாயம் என்றது. கேமரா முன்னால் நிற்கும் பெண்ணுக்குக் கிடைத்தது போஸ்டர் ஒட்டும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க நீதிமன்றத்தால் ஆகாது, நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதாவது எந்தக் கட்சிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமோ அதே கட்சிகள்தான் கை தூக்க வேண்டும்.

குற்றவியல் வழக்கு எப்போதும் உண்டு. மானபங்கம், பாலியல் சீண்டல், ஆபாசமான பேச்சு எல்லாவற்றுக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 74, 75, 79 என்று பிரிவுகள் இருக்கின்றன. பொதுவாக அரசுப் பணியாளர்மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவை. ஆனால் பெண்களுக்கு எதிரான இந்த வகைக் குற்றங்களுக்கு அந்த அனுமதி வேண்டாம் என்று 2013இலேயே திருத்தம் வந்துவிட்டது. ஸ்டேஷனில் "சாங்ஷன் வரணும்" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

தண்டனை கிடைத்தால் எம்.எல்.ஏ. பதவி போகுமா?

போகும். பாலியல் வன்கொடுமை, கணவன் வீட்டுக் கொடுமை போன்ற குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி தகுதி இழப்பு. மற்ற பெரும்பாலான குற்றங்களுக்கு 2 வருடம் அல்லது அதற்குமேல் தண்டனை வந்தால். முன்பெல்லாம் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம். கேரளத்தைச் சேர்ந்த வக்கீல் லில்லி தாமஸ் போட்ட வழக்கில் 2013 ஜூலை 10 அன்று அந்தச் சலுகை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு பெண் வக்கீல் தன் முதிய வயதில் இத்தனை சட்டம் போடுகிறவர்களையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வாங்கினார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

நீதிபதியே பெண்ணைத் தாழ்த்திப் பேசினால், தீர்ப்பில் எழுதினால்?

இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு நீதிமன்றம், எது என்று சொல்லவில்லை. ஜீவனாம்ச வழக்கு. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண், முப்பது வயசு இருக்கும், இரண்டு பிள்ளைகள். காலையில் நாலரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சேலை புதுசு, ஆனால் விரல் நுனியில் கொழுந்துக் கறை போகவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபடி அந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே இருந்தார். நீதிபதி கோப்பைப் புரட்டிவிட்டு மலையாளத்தில் சொன்னார்: கொழுந்து கிள்ளுகிறவளுக்குத் தினக்கூலி வருகிறதே, ஜீவனாம்சம் எதற்கு, புருஷனோடு ஒத்துப்போய் இருக்கத் தெரியாதா என்று. ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு மலையாளம் சந்தை அளவுக்குத்தான் தெரியும். என் பக்கம் திரும்பி, "என்னக்கா சொன்னாக?" என்றார். நான், "அடுத்த வாய்தா போட்டிருக்காக" என்றேன்.

சட்டம் அந்த நீதிபதி சொன்ன மாதிரி இல்லை. மனைவி கொஞ்சம் சம்பாதிக்கிறார் என்பதை மட்டும் வைத்து ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. 2020 நவம்பரில் வந்த ரஜ்னீஷ் நேஹா தீர்ப்பில் அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோழிக்கோட்டில் 2022 ஆகஸ்டில், ஒரு பாலியல் புகாரில் முன்ஜாமீன் கொடுத்த அமர்வு நீதிமன்றம், புகார் செய்த பெண்ணின் உடை தூண்டும்படியாக இருந்தது என்று உத்தரவிலேயே எழுதியது. அந்த அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் ஜாமீனை அப்படியே விட்டாலும் அந்த வரிகளை நீக்கியது. உடையைச் சாக்காக வைத்து யாரும் பெண்ணின் மானத்தில் கை வைக்க முடியாது என்றது. அதற்கு முன்னால் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், மானபங்க வழக்கில் ஜாமீன் வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2021 மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, நீதிபதிகள் என்ன மாதிரிப் பேசக்கூடாது என்று பட்டியலே கொடுத்தது. சமரசம் செய்துகொள், கல்யாணம் செய்துகொள் என்று சொல்லாதே, உடையைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் எழுதாதே என்று. 2023 ஆகஸ்டில் எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் என்று ஒரு கையேடும் வந்தது.

ஆக, வழி மூன்று. தீர்ப்பு தப்பு என்றால் மேல்முறையீடு. வார்த்தை தப்பு என்றால் அதை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு. கீழ் நீதிமன்ற நீதிபதி திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் உயர் நீதிமன்றப் பதிவாளருக்குப் புகார். 235ஆம் பிரிவின்படி முன்சீப் முதல் மாவட்ட நீதிபதிவரை எல்லோரும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறார்கள். தீர்ப்புக்காக நீதிபதிமேல் தனிப்பட்ட வழக்குப் போட மட்டும் முடியாது, 1985 நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அது தேவையும்கூட. இல்லையென்றால் தோற்ற கட்சிக்காரர் ஒவ்வொருவரும் ஜட்ஜை வழக்கில் இழுத்துவிடுவார்.

உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி தப்பாக நடந்தால்?

பெரிய ஓட்டை இங்கேதான். அவர்களை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1993இல் நீதிபதி வி. ராமசாமி விஷயத்தில் விசாரணைக் குழுவே குற்றம் உண்டு என்று சொல்லியும், பெரிய கட்சி ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதால் தீர்மானம் தோற்றது. ஊழல் வழக்கென்றால் 1991 தீர்ப்பின்படி உயர் நீதிபதியும் அரசுப் பணியாளர்தான், ஆனால் எஃப்.ஐ.ஆர். போடும் முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும். இதற்குக் கீழே இருப்பது 1999இல் நீதிபதிகளே வகுத்துக்கொண்ட உள்விசாரணை முறை. விசாரிப்பதும் நீதிபதிகள், அறிக்கை போவதும் நீதிபதியிடம். புகார் கொடுத்தவருக்கு நகல் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் அன்றைய தலைமை நீதிபதிமேல் புகார் கொடுத்தார். அவர் அதை மறுத்தார். உண்மை எது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பார்ப்பது முறையை. ஏப்ரல் 20 சனிக்கிழமை அவசரமாகக் கூடிய அமர்வில் தலைமை நீதிபதியே உட்கார்ந்தார். உள்விசாரணையில் வக்கீலை உடன் வைத்துக்கொள்ள அந்தப் பெண்ணை அனுமதிக்கவில்லை, அவர் பாதியில் விலகினார். மே 6 அன்று புகாரில் சாரம் இல்லை என்று முடிவு வந்தது. அறிக்கை அவர் கைக்கு வரவில்லை. 2020இல் அவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். நம் எஸ்டேட்டில் ஒரு ஃபீல்டு ஆபீசர்மேல் புகார் வந்தால், குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும், முடிவின் நகல் இரு தரப்புக்கும் போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு விதை போட்ட நீதிமன்றத்திலேயே அது கிடைக்கவில்லை என்றால் என்ன சொல்வது?

நீதிபதியாக இருக்கும் பெண்ணுக்கே இந்தக் கதி வந்ததுண்டு. குவாலியரில் ஒரு பெண் கூடுதல் மாவட்ட நீதிபதி, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர்மேல் புகார் சொன்னார். அந்தப் புகார் பிறகு விசாரணையில் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் புகாரை எழுதிக் கொடுப்பதற்கு முன்பே, மகள் 12ஆம் வகுப்பு படிக்கும் வருடத்தின் நடுவில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கெஞ்சிப் பார்த்துவிட்டு 2014 ஜூலையில் ராஜினாமா செய்தார். அது மனமுவந்து செய்த ராஜினாமா ஆகாது என்று சொல்லி 2022 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அவரை மறுபடியும் பணியில் அமர்த்தியது. ஏழரை வருடம். அந்த மகள் படித்து முடித்து எங்கேயோ வேலைக்கே போயிருப்பாள்.

நீதிபதியைக் கட்டுப்படுத்தினால் நீதித்துறைச் சுதந்திரம் கெடாதா?

வக்கீல்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. நல்ல கேள்விதான். இதற்கு அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் பதில் சொல்கின்றன.

லூசியானா மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் பாஸ்மன், தன் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணை 1974இல் நீக்கினார். வேலையில் குறை சொல்லவில்லை, அந்த இடத்துக்கு ஆண்தான் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதினார். வேலையில் பாகுபாட்டைத் தடுத்த அன்றைய சட்டத்தில் உறுப்பினர்கள் தங்களுக்கு விலக்கு வைத்திருந்தார்கள். 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பையே பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. இன்னொன்று இல்லினாய் மாநிலத்தில். நீதிபதி ஒருவர், தன் கீழ் வேலை பார்த்த பெண் நன்னடத்தை அதிகாரியைப் பதவி இறக்கி, பிறகு நீக்கினார். பெண் என்பதால் செய்தார் என்று வழக்கு. நீதிபதி, எனக்குக் காப்பு உண்டு என்றார். 1988இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இல்லை என்றது. ஆளை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் நிர்வாகம், யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை, தீர்ப்பு அல்ல என்றது. எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

1995இல் அவர்கள் நாடாளுமன்றம் தனக்கே அந்தச் சட்டங்களைப் பொருத்திக்கொண்டது. அதனால் அங்கே எந்த உறுப்பினரும் பேச்சுச் சுதந்திரம் இழக்கவில்லை. ஆனால் அங்கும் மத்திய நீதிமன்ற ஊழியர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. ஓட்டை எல்லா ஊரிலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது போல.

சுதந்திரம் என்பது வழக்கில் யாருக்கும் பயப்படாமல் முடிவு சொல்ல. ஸ்டெனோவிடமும் துப்புரவுப் பெண்ணிடமும் பயமில்லாமல் நடந்துகொள்ள இல்லை.

பெண்கள் அதிகம் வந்தால் சரியாகிவிடுமா?

தானாகச் சரியாகாது, ஆனால் நிறைய மாறும். நம் மண்ணின் கதையையே பாருங்கள். 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணை வக்கீலாகச் சேர்க்க மறுத்தது. 1923இல் சட்டம் வந்துதான் கதவு திறந்தது. அதிலிருந்து 14 வருடத்தில், 1937இல், திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி அய்யர் அன்னா சாண்டியை முன்சீப் ஆக்கினார். தேவிகுளமும் பீர்மேடும் அன்று அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1959இல் கேரள உயர் நீதிமன்றத்தில் நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி 1989இல் வந்த பாத்திமா பீவி, பத்தனம்திட்டைக்காரர். பிறகு தமிழ்நாட்டுக்கு ஆளுநராகவும் இருந்தார்.

அப்புறம் ரோசம்மா புன்னூஸ். 1957இல் முதல் கேரளச் சட்டமன்றத்துக்குத் தேவிகுளம் தொகுதியிலிருந்து போனவர். அந்தச் சபையில் முதலில் பதவி ஏற்றவர், தற்காலிக சபாநாயகர். அவர் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் 1958 இடைத்தேர்தலில் நின்று மறுபடி ஜெயித்தார். நம் பாட்டிமார் போட்ட ஓட்டு அது.

அப்படித் தொடங்கிய கேரளத்தில், 2021 தேர்தலில் 140 பேரில் ஜெயித்த பெண்கள் 11. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, அது சட்டம் போட்டதால் வந்தது. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023 செப்டம்பரில் 106ஆவது திருத்தம் வந்தது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று எழுதிவிட்டார்கள். பஞ்சாயத்து மெம்பருக்கு உடனே பொருந்திய சட்டம் தங்களுக்கு என்று வரும்போது காத்திருக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்கு அதுகூட இல்லை.

இது ஆண்களுக்கு எதிரான பேச்சா?

இல்லை. பெண் நீதிபதி, பெண் எம்.எல்.ஏ. தப்பு செய்தாலும் இதே அளவுதான்.

தீர்ப்பைக் குறை சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு ஆகாதா?

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971 சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. தீர்ப்பு தவறு, இந்தச் சட்டத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். காசு வாங்கிவிட்டார் என்று ஆதாரம் இல்லாமல் சொல்லாதீர்கள்.

எங்களுக்கு மலையாளம் எழுத வராது. தமிழில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் யாரும் குறை தீர்க்கச் சொல்லி எந்த அதிகாரிக்கும் எழுதலாம் என்கிறது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுத இடம் கொடுக்கிறது. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். என்ன நடந்தது, என்றைக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அப்படியே எழுதுங்கள். வார்த்தையை மென்மையாக்க வேண்டாம்.

அந்த ஜீவனாம்ச வழக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். மேல் நீதிமன்றத்தில் மாதம் ஒரு தொகை கிடைத்தது. அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், பழைய நீதிபதி உண்மையில் என்ன சொன்னார் என்பதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன்லக்கா" என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் வார்த்தை மாற்றிச் சொல்வதில்லை.